பாய்லர் கழுவப் போன சனிக்கிழமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சர்க்கரை ஆலைகளில் பாய்லர்களைப் பரிசோதிப்பதுதான் என் தொழில். இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று யார் கேட்டாலும், சின்ன வயதில் ஒரு பழைய நீராவி ரயிலுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யப் போனேன், அங்கே ஆரம்பித்தது என்பேன். உடனே அடுத்தடுத்து கேள்விகள் வரும். கல்யாண வீட்டில், கோயில் கூழ் ஊற்றும் நாளில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிடும்போது, எங்கே போனாலும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

அது எந்த ரயில்? எங்கே ஓடியது?

உம்கேனி நீராவி ரயில். டர்பனிலிருந்து மேற்கே மேடேறினால் வருகிற க்ளூஃப் என்ற ஊரிலிருந்து ஹில்க்ரெஸ்ட், போத்தாஸ் ஹில், டிரம்மண்ட் வழியாக இஞ்சங்கா வரை போகும். வழியில் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு தெரியும். சுற்றுலாக்காரர்கள் வருவது அதைப் பார்க்கத்தான். எஞ்சின் ஓட்டுவது, கரி அள்ளிப் போடுவது, டிக்கெட் கிழிப்பது, பெட்டி கழுவுவது எல்லாமே தன்னார்வலர்கள். வாரநாளில் வேறு எங்கோ வேலை பார்ப்பார்கள், சனி ஞாயிறில் இங்கே வந்து கரி பூசிக்கொள்வார்கள்.

எஞ்சின்களில் எல்லோருக்கும் தெரிந்தது மொரீன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1912இல் கட்டியது, பிற்பாடு பாய்லர் மாற்றி 3பிஆர் என்று வகை பெயரும் மாறியது, எண் 1486.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஞ்சினைவிட அதுதான் வயதானது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை 1880இல் போட்டு முடித்த முதல் மெயின் லைன் அது. டர்பன் இருக்கும் நேட்டால் அப்போது பிரிட்டிஷ் காலனி, அதன் அரசிடம் காசு இல்லை, அதனால் மலையைக் குடையாமல் அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே தண்டவாளத்தைக் கொண்டுபோனார்கள். அகலம் 1067 மில்லிமீட்டர்தான். சில இடங்களில் முப்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதிலேயே முந்நூறு அடி ஆரத்தில் வளைவு. ரயிலுக்கு அது பயங்கரமான ஏற்றம். ஈரமான நாளில் சக்கரம் வழுக்கும், மணல் தூவித்தான் ஏற வேண்டும். அப்புறம் ஏற்றம் குறைந்த புதுப் பாதை வந்தது, பழையது ஓரங்கட்டப்பட்டது. அப்படி ஓரங்கட்டியதால்தான் எங்களுக்குக் கிடைத்தது.

டர்பனில் இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த பிள்ளை அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மாமாவால். அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கூட வேலை பார்த்த ஒருவர் ரயில் பைத்தியம், பாய்லர் குழாய் மாற்ற ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். மாமா போனார். சனிக்கிழமை காலையில் வீட்டில் நான் எல்லோருடைய காலையும் சுற்றித் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்ததால் என்னையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். திட்டம், லட்சியம் என்று எதுவும் கிடையாது. எங்கள் வீட்டுப் பக்கம் கிராஸ்மூர் லைனில் மின்சார ரயில் தினமும் போகும், அதை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பெண் பிள்ளையை எப்படி அனுப்பினார்கள்?

அம்மாவுக்குக் கவலை துணியைப் பற்றி மட்டும்தான். ஆயாதான் முணுமுணுத்தார், "கரிக்கட்டையா வந்து நிக்குது, நாளைக்கு யாரு கட்டிப்பா" என்று. மாமா சிரித்துக்கொண்டே, "அத்தே, பாய்லர் மூடி ஓட்டைக்குள்ள எங்க கை போக மாட்டேங்குது, இவ கைதான் போவுது" என்றார். உண்மைதான், சின்னக் கை அங்கே பெரிய சொத்து. கட்டிக்கவும் ஆள் வந்தார், அது வேறு கதை.

ரயிலுக்கும் நம்ம ஆட்களுக்கும் என்ன சம்பந்தம்? அது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு இல்லையா?

இந்தக் கேள்வி வந்தால் நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

நேட்டாலில் முதல் ரயில் 1860 ஜூன் 26 அன்று டர்பன் துறைமுகத்தின் பாயிண்ட் பகுதியிலிருந்து ஊருக்குள் சந்தைத் திடல் வரை ஓடியது, மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். அதே வருஷம் நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது, ஒப்பந்தக் கூலிகளாக முந்நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதில். 1911 வரை சுமார் 1,52,000 பேர் வந்தார்கள், பெரும்பாலோர் மதராஸ் துறைமுகம் வழியாக. கரும்புத் தோட்டம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் ரயில்வேயும் அவர்களை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டது. ஜல்லி கொட்ட, கட்டை மாற்ற, நிலையத்தில் சுமை தூக்க. என் கொள்ளுத்தாத்தா ஜல்லி கொட்டியவர். டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ ரெயில் என்றே ஒரு பகுதி இருக்கிறது, ஈஸ்டர் சமயத்தில் அங்கே மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் டர்பனில் குறைவு.

ஆனால் எஞ்சின் மேடை வேறு உலகம். தென்னாப்பிரிக்க ரயில்வேயில் டிரைவர் வேலையும், உலைக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலையும் வெள்ளையருக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது, தலைமுறை தலைமுறையாக. பாதை போடலாம், எஞ்சினைக் கழுவலாம், ஓட்டக் கூடாது. ஆகவே நான் போன காலத்தில், இனவெறிச் சட்டங்கள் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தும், அங்கே இருந்த பெரியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்தான், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள். என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். ஒருநாள் தாத்தாவைக் கூட்டிப்போனோம். பெரிதாக ஏதாவது உணர்ச்சிவசப்படுவார் என்று மாமா நினைத்தார். அவரோ எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு டிரைவரிடம் நேராகக் கேட்டது: "ரயில்வே பென்ஷன் எவ்வளவு வருது?" பதிலைக் கேட்டதும், "எங்க அப்பாவுக்கு ஒண்ணும் வரல" என்று சொல்லிவிட்டு டீ எங்கே என்று பார்க்கப் போய்விட்டார். டிரைவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஆக, பொழுதுபோக்கு அவர்களுடையது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பாதை நம்முடையதும்தான்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? எஞ்சின் ஓட்டினாயா?

இல்லை. ஓடும்போது பிள்ளைகள் எஞ்சின் மேடையில் ஏறவே கூடாது. எங்களுக்குக் கிடைத்தது பெட்டி ஜன்னல் துடைப்பது, பித்தளை தேய்ப்பது, போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரிப்பது, சாம்பல் அள்ளுவது, கருவிகளை எண்ணித் திரும்ப வைப்பது. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாய்லருக்குள்ளோ அச்சுக்கு நடுவிலோ ஒரு ஸ்பானர் தங்கிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணிக்கை சரியாகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இன்றும் நான் ஒரு கலனுக்குள் போய் வெளியே வந்தால் முதலில் எண்ணுவது கருவியைத்தான்.

பாய்லர் கழுவுவது என்றால் என்ன? அதில் என்ன இருக்கிறது?

என் கதையில் முக்கியமானதே இதுதான். ரயில் ஓடும் ஞாயிறு எல்லோருக்கும் தெரியும், புகை, விசில், படம் பிடிப்பவர்கள். கழுவும் சனிக்கிழமை யாருக்கும் தெரியாது.

எஞ்சின் பாய்லரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது, தண்ணீரில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் மட்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது. டீ போடும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதேதான். ஆனால் கெட்டிலில் பிடித்தால் டீ கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பாய்லரில் அந்தப் படிவு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கும். உலை என்பது பாய்லருக்குள் இருக்கும் நெருப்புப் பெட்டி, அதன் தகட்டுக்கு ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் தண்ணீர். தகட்டைத் தணித்து வைத்திருப்பது அந்தத் தண்ணீர்தான். நடுவில் படிவு வந்துவிட்டால் தகடு தாங்க முடியாமல் சூடேறும், இளகும், புடைக்கும்.

அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் பாய்லரை முழுக்க ஆறவிட்டு, ஆறவிடுவதென்றால் அவசரப்படாமல் ஒருநாளைக்கும் மேலாக, தண்ணீரை வடித்து, சுற்றிலும் உள்ள சின்ன மூடிகளைக் கழற்றி, ஹோஸ் பைப்பால் அடித்து, நீளக் கம்பியால் சுரண்டி, கையை விட்டு வாரி எடுக்க வேண்டும். வருவது சேறும் செதிலும். வாளி வாளியாக வரும். என் சின்னக் கை நுழைந்தது அங்கேதான்.

கழுவியதும் ஒரு பெரியவர் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உலைக்குள் ஊர்ந்து போவார். உலையின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை ஸ்டே போல்ட் எனப்படும் நூற்றுக்கணக்கான முளைகள். ஒவ்வொன்றையும் தட்டுவார். நல்ல முளை கணீரென்று கேட்கும், உடைந்தது மந்தமாகக் கேட்கும். அது போதாதென்று பல முளைகளில் வெளி முனையிலிருந்து மெல்லிய துளை ஒன்று போட்டிருப்பார்கள், முளை உள்ளே உடைந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். எனக்கு இதைச் சொன்ன நாளில் நான் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், இது ஒருநாள் உடையும், உடையும்போது யாருக்காவது தெரிய வேண்டும் என்று யோசித்து அந்தத் துளையைப் போட்டிருக்கிறார். பொருளைச் செய்யும்போதே அது எப்படிக் கெடும் என்றும் யோசிப்பார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

எஞ்சின் ஓடுவதைப் பார்த்து நான் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. எஞ்சின் ஓடாத நாளில் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து வந்தேன்.

பாய்லர் வெடிக்கும் என்கிறார்களே, பயமாக இல்லையா?

பயம் இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். 1,400 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் உள்ள பாய்லரில் தண்ணீர் சுமார் 200 டிகிரியில் இருக்கிறது, அழுத்தம்தான் அதை ஆவியாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தகடு கிழிந்தால் அவ்வளவு தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆவியாகக் கிளம்பும். பெரும்பாலும் காரணம் தண்ணீர் மட்டம் குறைந்து உலையின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே தெரிந்துவிடுவதுதான்.

அதற்குத்தான் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கும், அதை நம்பாமல் அடிக்கடி திறந்து ஆவியை வெளியேவிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடைத்துக்கொண்டால் பொய்யான மட்டத்தைக் காட்டும். மேல்தகட்டில் ஈயம் நிரப்பிய செருகி இருக்கும், ஈயம் 327 டிகிரியில் உருகும், தண்ணீர் விலகினால் உருகி ஆவியை உலைக்குள் விட்டுச் சத்தம் போட்டுக் கூப்பிடும். சேஃப்டி வால்வு தனி.

சரி, அதிலிருந்து இந்த வேலைக்கு எப்படி?

பள்ளியில் கணக்கும் இயற்பியலும் எனக்குச் சுமாராகத்தான் வந்தன. ஆனால் வெப்பம், அழுத்தம் பற்றிய பாடம் வந்தபோது வகுப்பில் எனக்கு மட்டும்தான் அது புத்தகத்துக்கு வெளியேயும் தெரிந்த விஷயம். மெட்ரிக் முடித்து டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் படித்தேன். அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு கல்லூரிகள் 2002இல் சேர்ந்து உண்டானது, அதில் ஒன்று எம்.எல். சுல்தான் பெயரில் இருந்தது. அவர் கொல்லம் பக்கத்திலிருந்து 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்து நேட்டால் ரயில்வேயில் சுமை தூக்கியவர், பிற்பாடு வியாபாரத்தில் சம்பாதித்து நம்ம பிள்ளைகள் தொழிற்கல்வி படிக்கப் பணம் கொடுத்தார். எங்கே போனாலும் ரயில்தான் எனக்கு.

படிப்பு முடிந்ததும் பட்டறைப் பயிற்சி. நேர்காணலில் என்னிடம் மதிப்பெண் பற்றி அதிகம் கேட்கவில்லை. பாய்லருக்குள் போயிருக்கிறாயா என்று கேட்டார்கள், போயிருக்கிறேன் என்றேன், என்ன பார்ப்பாய் என்றார்கள், சொன்னேன். மற்றவர்களுக்குப் பயிற்சியில்தான் இது கிடைத்தது, எனக்கு முன்னாலேயே இருந்தது.

இப்போது வேலையில் என்ன செய்கிறாய்?

க்வாசுலு-நேட்டாலில் கரும்பு அரைவை ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை போகும். ஆலை பாய்லர்களில் எரிப்பது கரும்புச் சக்கை, பல ஆலைகளில் அழுத்தம் 31 பார், அதாவது 3,100 கிலோபாஸ்கல், என் பழைய எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அரைவை நின்ற ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்குச் சீசன். உள்ளே போய்ப் பார்ப்போம், தகட்டின் கனத்தை அல்ட்ராசவுண்டில் அளப்போம், வெல்டிங்கைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் 2009 அழுத்தக் கருவி விதிகளின்படி நீராவி பாய்லரை 36 மாதத்துக்குள் ஒருமுறை உள்ளும் புறமும் பரிசோதித்து, தண்ணீர் நிரப்பி வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஏன் காற்று நிரப்பாமல் தண்ணீர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் சோதனையில் தகடு கிழிந்தாலும் கொஞ்சம் கொட்டும், அழுத்தம் விழுந்துவிடும், அவ்வளவுதான். காற்றில் செய்தால் குண்டு.

வேலையில் கஷ்டமான பகுதி உள்ளே ஊர்வது இல்லை, இல்லை என்று சொல்வது. ஒரு ஆலையில், பெயர் வேண்டாம், அரைவை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது குழாய் வரிசை ஒன்றில் கனம் குறைந்திருந்தது. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விவசாயிகள் கரும்பை வெட்டிவிட்டார்கள், இந்த வருஷம் ஓடட்டும், அடுத்த வருஷம் மாற்றுகிறோம் என்றார். கையெழுத்துப் போடவில்லை. அவர் கத்தினார், மேலிடத்துக்குப் பேசினார், கடைசியில் குழாயை மாற்றினார்கள். வெட்டிய கரும்பு வயலில் காய்வது எனக்கும் வருத்தம்தான், என் சொந்தக்காரர்களிலேயே கரும்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதுவும் ரயில் கொட்டகையில் பார்த்ததுதான். டிக்கெட்டெல்லாம் விற்றுத் தீர்ந்த ஒரு வாரக் கடைசியில் சுத்தியல் தட்டிய பெரியவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு இந்த எஞ்சின் போகாது என்றார். யாரும் அவரோடு வாதாடவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நான் கவரில் போட்டு உதவினேன்.

என் பையனுக்கு ரயில் என்றால் உயிர். இப்படி அனுப்பினால் எஞ்சினியர் ஆவானா?

தெரியாது. என்னோடு வந்த பிள்ளைகளில் ஒருவர் தாதி, ஒருவர் கணக்கர், ஒருவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஃபயர்மேன், வாரநாளில் காப்பீடு விற்கிறார். இதை முதலீடாக நினைத்து அனுப்பாதீர்கள், பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். ஆனால் போனால் அழுக்கு வேலையைச் செய்யவிடுங்கள். சில பெற்றோர் வந்து, பிள்ளை எப்போது எஞ்சினில் ஏறுவான் என்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஏறிப் படம் எடுப்பது அரைமணி நேரம். பாய்லர் மூடியில் அழுக்குப் பிடித்திருக்கும் திருகு மரையைச் சுத்தம் செய்ய அரைநாள் ஆகும், அதில்தான் பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறதா, பிடிக்கிறதா என்று அவனுக்கே தெரியும். பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், குற்றமில்லை.

நம்ம ஊட்டி ரயில் மாதிரியா?

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் எல்லோரும் கேட்பது. பார்க்க ஒன்றாகத் தோன்றலாம், நடத்துவது வேறு. நீலகிரி மலை ரயில் இந்திய ரயில்வேயின் ஊழியர்கள் ஓட்டுவது, கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம், ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. எங்கள் பாதையில் பல் கிடையாது, ஆட்களும் சம்பளக்காரர்கள் கிடையாது. பொன்மலைப் பட்டறையில் அந்த மலைக்கென்று புதிதாகவே நீராவி எஞ்சின் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பொறாமை.

தென்னாப்பிரிக்காவில் வேறு எங்கே பார்க்கலாம்?

ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜெர்மிஸ்டனில் ரீஃப்ஸ்டீமர்ஸ், பிரிட்டோரியாவில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த ரெயில், ஃபிக்ஸ்பர்க் அருகே சாண்ட்ஸ்டோனில் இரண்டடி அகலப் பாதை. ஹில்டன் நிலையத்தில் நேட்டால் ரயில்வே அருங்காட்சியகம். ஜார்ஜிலிருந்து நைஸ்னா போன அவுட்டெனிக்வா சூ-சூ ரயில் புகழ்பெற்றது, 2006 வெள்ளத்தில் பாதை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம், தண்டவாளத் திருட்டு, செலவு என்று இந்த ரயில்களுக்குத் தொல்லை ஓயாது. ரயில்வே பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இல்லாமல் இவை ஓடவும் முடியாது. ஆகவே கிளம்புவதற்கு முன்னால் அன்றைக்கு ஓடுகிறதா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளையை அனுப்பினால் என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

பருத்தித் துணி, நைலான் வேண்டவே வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மூடிய கனமான ஷூ. நீள முடி என்றால் இறுக்கிப் பின்னி உள்ளே செருகி விடுங்கள். கழுத்தில் சங்கிலி, கையில் வளையல், சாமிக் கயிறு எல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிட வேண்டும், கயிற்றைக் கழற்றக் கூடாது என்று என் ஆயா மாதிரி யாராவது பிடிவாதம் பிடித்தால் பாக்கெட்டில் போட்டு அனுப்புங்கள். சாப்பாடு இரண்டு பங்காகக் கட்டுங்கள். ரொட்டியும் கறியும் கொண்டுபோனால் பக்கத்தில் உட்காருபவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.